மறியல் நாளில் அக்கா

என் அக்காவின் உதடு நாவல்பழம் தின்றது போல எப்போதும் கருநீலமாகவே இருக்கும். கொஞ்ச தூரம் ஓடினாலே மூச்சு வாங்கும். வீட்டில் சோகை என்று முடிவுகட்டி முருங்கைக்கீரையாகப் போட்டார்கள். அவள் அதை என் தட்டில் தள்ளிவிடுவாள். நான்தான் கொழுத்தேன்.

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வருஷம் அது. ஐ.டி.ஐ. முடித்தும் வேலை கிடைக்காத சித்தப்பா, ஊர் இளைஞர்களோடு போய், மணலூர்பேட்டையிலிருந்து திருக்கோவிலூர் போகும் சாலையில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்தார். உள்ளங்கைக் கொப்புளங்களை எங்களிடம் பெருமையாகக் காட்டினார்.

மறுநாள் காலையில் அக்காவின் கால்கள் வீங்கியிருந்தன. படுத்தால் மூச்சு முட்டியது. பஸ் கிடையாது. அப்பா மாட்டுவண்டி பூட்டினார். அம்மாவும் சித்தப்பாவும் கூட வந்தார்கள். வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் நானும் ஏறிக்கொண்டேன். முதல் மரத்தோடு வண்டி நின்றது. அம்மா சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அக்காவை முதுகில் தூக்கிக்கொண்டார்.

அடுத்த மரத்தண்டை மறியல்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னாப்பா ஆச்சு பொண்ணுக்கு?"

"எங்க அண்ணன் பொண்ணுங்க. மூச்சு வுட முடியல."

இரண்டு பக்கமும் நின்று, அக்காவைக் கைமாற்றி மரத்தைத் தாண்டவைத்தார்கள். ஒருவர் துண்டால் விசிறினார். எனக்குச் சாமி புறப்பாடு போல இருந்தது. என்னையும் தூக்கச் சொல்லி அடம்பிடித்தேன்.

"நீ வெட்டுனது எது சித்தப்பா?" என்று அக்கா மெதுவாகக் கேட்டாள். அவர் அவளை மறுபடி முதுகில் ஏற்றிக்கொண்டு நடையை எட்டிப் போட்டார்.

திருக்கோவிலூர் டாக்டர், இது சோகையில்லை, பிறவியிலேயே இதயத்தில் கோளாறு, இப்போது இதயம் தளர்ந்துபோயிருக்கிறது என்றார். ஊசி, மாத்திரையில் வீக்கம் வடிந்தது. பிறகு மெட்ராஸில், வால்வு இடம் மாறிக் கீழே இறங்கியிருக்கிறது, அபூர்வமான கோளாறு என்று சொல்லி ஆபரேஷன் செய்தார்கள். அக்கா இன்றும் என்னை அதட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறாள்.

அன்று அம்மாவும் அப்பாவும் ஆஸ்பத்திரியில் தங்கிவிட, சித்தப்பா என்னை அழைத்துக்கொண்டு திரும்பினார். ஊர் எல்லையில் யாரிடமோ ரம்பம் வாங்கி, சாய்ந்து கிடந்த மரத்தை ஓர் ஓரமாக அறுக்க ஆரம்பித்தார். கொப்புளங்கள் உடைந்து கை சிவந்தது.

"இன்னாத்துக்கு சித்தப்பா?"

"அடுப்புக்கு வெறவு வோணும்ல."

நானும் நம்பி, ஓடி ஓடிச் சுள்ளி பொறுக்கினேன். ஒரு வண்டி போகும் அகலத்துக்கு வழி உண்டானதும் அறுப்பதை நிறுத்திவிட்டார். பச்சை மரம் அடுப்பில் எரியாது என்பதுகூட அப்போது எனக்குத் தெரியவில்லை.