நடுமரத்தில் விட்ட கை

தீபாவளி சீசன் முடிந்து கம்பெனிக்கு லீவு விட்டதும், எம். புதுப்பட்டியில் ஒரே பட்டாசு ரூமில் வேலை செய்யும் நாங்கள் நாலு பெண்களும் ராஜபாளையத்துக்கு மேற்கே மலையேறி அருவி பார்க்கப் போனோம்.

வழியில் ஓர் ஓடை. குறுக்கே சாய்ந்து கிடந்த பெரிய மரம்தான் பாலம். இரண்டு பேர் தாண்டிவிட்டார்கள். எங்களில் இளையவள் செல்வி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, கையை விட்டுறாதீக.”

“விட மாட்டேன், வாடி.”

நடுமரத்துக்கு வந்தபோது, பக்கத்தில் காய்ந்த கிளை ஒன்று முறிந்து படாரென்று விழுந்தது. அவள் கையை உதறிவிட்டு ஓடினேன். முன்னே போனவர்களும் ஓடினார்கள். சத்தம் கேட்டால் யாரையும் பார்க்காமல் வெளியே ஓடு என்பதுதான் எங்கள் ரூமில் முதல் நாளே சொல்லித் தருவது. இத்தனை வருஷத்தில் அது காலிலேயே ஊறிவிட்டது.

இது காடு என்று உறைத்துத் திரும்பினால், மரத்தின் மேல் செல்வி இல்லை. கீழே ஓடைத் தண்ணீரில், முறிந்த மணிக்கட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

நான் அழுதேன். “விடுங்கக்கா. நானா இருந்தாலும் ஓடித்தான் இருப்பேன்” என்றாள். திட்டியிருந்தால் தேவலை. அருவி பார்க்காமலே இறங்கினோம்.

கட்டுப் பிரித்து அவள் வேலைக்கு வந்த அன்று, வாசலை ஒட்டிய என் இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டு உள்ளே தள்ளி உட்கார்ந்தேன்.

“இங்கன எம்புட்டுக் காத்து வருதுக்கா!” என்று சிரித்தாள்.

இன்னொரு சத்தம் கேட்டாலும் நான் அவள் கையைப் பிடிக்கப் போவதில்லை. ஓடத்தான் செய்வேன். அவளாவது எனக்கு முன்னால் வெளியே போய்விடட்டும்.