ஏழாவது தடவையும் மேகம் இல்லை

உப்பளத்தில் வேலை செய்கிற பெண்களுக்கு வேதக் கதை சொல்லப் போகிறவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். திரும்பிப் பார்த்த லோத்தின் மனைவி உப்புத்தூணாகிப் போன கதையைச் சொல்லி அவர்களைப் பயமுறுத்த முடியாது. நான் முயன்று பார்த்தேன். எழுபதுகளின் நடுவில், கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்த ஆறாம் மாதம். குரலைத் தாழ்த்தி, கண்ணை உருட்டி, எங்கள் ஊர்ப்பக்கம் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிற அந்த இடத்தில் கதையை நிறுத்தினேன். முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த ஓர் அக்கா கேட்டாள்.

"ஆளு ஒசரமா, குட்டையா, டீச்சரம்மா?"

"ஏன் கேக்கீங்க?"

"இல்ல, எத்தன மூட உப்பு தேறும்னு பாக்கேன்."

கொட்டகையே சிரித்தது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் வந்து நின்றது. அன்றைக்கு வந்த கோபம் வீடு போய்ச் சேரும்வரை இறங்கவில்லை. ராத்திரிச் சோற்றுக்கு உப்புப் போடும்போதுதான் எனக்கே சிரிப்பு வந்தது.

நான் டீச்சரே இல்லை. என் அப்பா விளாத்திகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமத்தில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். கொஞ்சம் மானாவாரி நிலமும் உண்டு. என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் குமாஸ்தா. அவர் காலையில் சைக்கிளை எடுத்தால் சாயங்காலம்தான் வருவார். நான் சும்மா இருப்பதைப் பார்த்த ஐயரம்மா, அதாவது எங்கள் சபைக் குருவானவராகிய ஐயரின் மனைவி, வாத்தியார் மகளுக்குப் படிப்பிக்கத் தெரியாமலா போகும் என்று சொல்லி, பெண்கள் சங்கத்தின் புதன்கிழமை வேதபாடத்தை என் தலையில் கட்டிவிட்டார். அவர் அப்படிச் சொன்னதில் எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

வகுப்பு கோவிலுக்குப் பின்னால் இருந்த ஓட்டுக் கொட்டகையில் நடக்கும். விடியுமுன்னே அளத்துக்குப் போய், வெயில் ஏறியபிறகு திரும்பி, குளித்து, நாலு மணிக்கு வருவார்கள். இருபது பேர் இருப்பார்கள். உப்புத் தண்ணீரிலேயே நின்று நின்று எல்லோருடைய பாதமும் வெடித்திருக்கும். ஆனால் வாய்க்கு மட்டும் ஒரு குறைச்சலும் கிடையாது. வேதத்தில் வருகிற அத்தனை பேரையும் அவரவர் செய்த வேலையை வைத்துத்தான் எடைபோடுவார்கள். வலையை அப்படியே போட்டுவிட்டு இயேசுவின் பின்னால் போன சீஷர்களைப் பற்றிச் சொன்னால், "அந்த வலைய யாரு எடுத்து ஒணத்தி வச்சா? வீட்டுப் பொம்பளதான?" என்பார்கள். பெருவெள்ளத்துக்கு முன்னே பேழை கட்டின நோவாவை மட்டும் அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். முன்வரிசை அக்கா அடித்துச் சொன்னாள்.

"மழ வருமுன்ன மூடுனாம் பாருங்க, அவன் ஆம்பள."

இந்த அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாற்பத்தைந்து வயதிருக்கும். நல்ல ஆகிருதி, அதைவிடப் பெரிய குரல். அவளும் புருஷனுமாகப் பத்துப் பாத்தியைக் குத்தகைக்கு எடுத்து உப்பு விளைவித்தார்கள். ஐப்பசியில் மழை இறங்கினால் தை வரைக்கும் அளத்தில் வேலை கிடையாது. அந்த மூன்று மாதச் சோறும் கடைசி வாரலில்தான் இருக்கிறது. உப்பைப் பாத்தியிலிருந்து வாரி, மேட்டில் அம்பாரமாகக் குவித்து, பனையோலை போட்டு மூடிவிட்டால் பிழைத்தார்கள். அதற்கு முன்னால் வானம் திறந்தால் விளைந்ததெல்லாம் மறுபடி தண்ணீர். அதனால் புரட்டாசி பிறந்ததும் வகுப்பு முடிவில் ஜெபம் பண்ணுவது அவள்தான்.

"ஆண்டவரே, இன்னும் பதினஞ்சு நாளைக்கு வானத்தப் பூட்டி, தாக்கோல ஒம்ம மடியில முடிஞ்சு வச்சுக்கிடும்."

எல்லோரோடும் சேர்ந்து நானும் ஆமென் சொல்லுவேன். அப்பாவின் கடிதம் வரும்வரை அதில் எனக்கு ஒரு சங்கடமும் இருக்கவில்லை.

அப்பா இன்லண்ட் லெட்டரில் எப்போதும் இடம் விடாமல் எழுதுகிறவர். அன்று பாதிதான் எழுதியிருந்தார். முதல் விதைப்பு முளைக்கவில்லை, எறும்பு கொண்டுபோய்விட்டது. மறுபடி கம்பு விதைத்திருக்கிறேன். வீட்டில் இனி விதைக்கு ஒரு பிடிகூட இல்லை. மழை வரவேண்டும். இவ்வளவுதான். அந்த நிலம் விளையாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தம்பி அப்போதுதான் காலேஜில் சேர்ந்திருந்தான்.

அந்த வாரம் நான் செய்த காரியம் வெளியே சொல்லக்கூடியது அல்ல. புதன்கிழமை சாயங்காலம் மழை வேண்டாம் என்பதற்கு ஆமென். வியாழக்கிழமை காலையில் மழை வேண்டும் என்று முழங்கால். ஆண்டவர் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பாரோ.

அந்த நேரம் பார்த்து ஐயரம்மா கூப்பிட்டார். கோவில் பிரதிஷ்டைப் பண்டிகை வருகிறது, ஆராதனைக்கும் சபையார் கூடி உண்ணும் அசனச் சாப்பாட்டுக்கும் நடுவில் பெண்கள் சங்கம் ஒரு வேத நாடகம் போடவேண்டும் என்றார். நான் யோசிக்கவே இல்லை. "எலியா மழைக்கு ஜெபம் பண்ணின கதை" என்றேன். சபை முழுவதையும், அவர்களுக்கே தெரியாமல், என் அப்பாவின் கம்புக்காக ஜெபிக்க வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். திருட்டுப் புத்திதான், வேறென்ன சொல்ல.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மூன்றரை வருஷம் மழையில்லை. எலியா மலையுச்சியில் முழங்காலில் முகத்தைப் புதைத்து ஜெபிக்கிறார். வேலைக்காரனை அனுப்பி, கடல் பக்கம் போய்ப் பார்த்து வா என்கிறார். ஆறு தடவை அவன் போய்ப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறான். ஏழாவது தடவை, உள்ளங்கை அளவுக்கு ஒரு மேகம் கடலிலிருந்து எழும்புகிறது. எங்கள் ஊரில் அப்பா இந்தக் கதையைச் சொல்லும்போது ஒவ்வொரு 'ஒன்றுமில்லை'க்கும் சபை உச்சுக்கொட்டும். ஏழாவதுக்குப் பெரியவர்கள் கண்ணைத் துடைப்பார்கள். கரிசல்காட்டில் அதைவிடப் பெரிய கதை கிடையாது.

ஒல்லியான ஒரு பெண்ணுக்குத் துண்டைப் போர்த்தி எலியா ஆக்கினேன். வேலைக்காரன், நம் அக்கா. கோவில் மணிக்கூண்டுக்குப் பதினோரு படி. மேலே நின்றால் நிஜமாகவே கடல் தெரியும். இதைவிட என்ன வேண்டும்?

"ஏழு தடவையும் நாந்தான் ஏறணுமா? எலியாவுக்குக் கால் இல்லையா?" என்று முதல் ஒத்திகையில் முனகிக்கொண்டே ஏறினாள். கண்ணுக்கு மேலே கையை வைத்துக் கடலைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல!"

கீழே இருந்த பெண்கள் கைதட்டினார்கள். ஒருத்தி ஸ்தோத்திரம் என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டாம் தடவை, "ஒண்ணுமில்ல!" கைதட்டல் கூடியது. ஆறாம் தடவைக்குக் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. மேகம் இல்லை என்ற செய்திக்கு இத்தனை சந்தோஷப்படுகிற ஜனத்தை எலியா பார்த்திருக்கவே மாட்டார்.

ஏழாவது தடவை ஏறினாள். பார்த்தாள். இறங்கி வந்தாள்.

"ஒண்ணுமில்ல."

"அக்கா, இப்ப மேகம் வரணும்."

"வராது."

"கதையில வருதே!"

"கதையில வரட்டும் டீச்சரம்மா. என் வாயால வராது. உப்பு பாத்தியில கெடக்கு."

அடுத்த ஒத்திகையிலும் அப்படியே. மூன்றாவதிலும் ஏழாம் தடவை மேகம் இல்லை. பண்டிகைக்கு ஐந்து நாள்தான் பாக்கி. வேறு ஆளைப் போடலாம் என்று பார்த்தால் இருபது பேரில் ஒருத்திகூட அந்த வார்த்தையைச் சொல்லத் தயாரில்லை. எனக்கு வந்ததே கோபம்!

"உங்க உப்பு பாத்தியில கெடக்குன்னா, எங்கப்பா விதை மண்ணுல கெடக்கு!" என்று கத்திவிட்டேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அழுகையோடு எல்லாவற்றையும் கொட்டினேன். கடிதம், எறும்பு, வியாழக்கிழமை முழங்கால், இந்தக் கதையை ஏன் எடுத்தேன் என்பது, எல்லாம். இனி வகுப்புக்கு ஒருத்தியும் வரமாட்டாள் என்று நினைத்தேன். வராவிட்டால் அது நியாயம்தான்.

அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வெதச்சு எத்தன நாளாச்சு?"

"ஒம்பது."

"வெத எத்தன நாளு தாங்கும்?"

"பதினஞ்சு. மிஞ்சினா இருபது."

விரல்விட்டு எண்ணினாள். "எங்களுக்கு ஒரு வாரம் வேணும்" என்றாள். பிறகு என் முதுகில் ஒன்று வைத்தாள், வலிக்கவே செய்தது. "ஏளா, இத மொதல்லயே சொல்லுததுக்கென்ன? நாங்க என்ன பேயா பிசாசா?"

அதுவரை டீச்சரம்மா. அன்றிலிருந்து, வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி, ஏளாதான்.

மற்றவர்களைப் பார்த்து அவள் சொன்னதுதான் நான் அந்த வருஷம் கேட்ட ஒரே பிரசங்கம். "நோவா என்ன செஞ்சான்? மழ வேண்டாம், மழ வேண்டாம்னு கும்பிட்டுக்கிட்டா கெடந்தான்? மூடுனாம்லா? வாங்க, நாமளும் மூடுவோம்."

ஒரு வார வேலையைப் பண்டிகைக்கு முன்னால் நாலு நாளில் முடிப்பதென்று முடிவாயிற்று. தங்கள் தங்கள் வேலை முடிந்ததும் ஒருவர் பாத்திக்கு மற்றவர் கைகொடுத்தார்கள். சனிக்கிழமை நானும் போனேன். என் வீட்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்; தடுக்கவில்லை. மூன்று கூடை சுமந்தேன். நாலாவது கூடையை வரப்பில் கவிழ்த்துவிட்டேன். "நீ ஓலையக் கட்டு தாயி, ஆண்டவர் கூலி தருவாரு" என்று என்னை ஓரங்கட்டினார்கள். சாயங்காலத்துக்குள் எல்லா அம்பாரமும் மூடியாயிற்று. அக்காவின் பாத்தியில் இரண்டு மட்டும் பாக்கி. அதில் உப்பு இன்னும் கல்லாகத் திரளவில்லை. "அது கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்தது. பின்பக்கம் அசனத்துக்குச் சோறு வெந்துகொண்டிருந்தது, குழம்பு வாசனையில் யாருக்கும் நாடகத்தில் மனம் இல்லை. அக்கா தலைப்பாகையோடு ஏறி இறங்கினாள். ஆறு தடவை ஒன்றுமில்லை. ஏழாவது தடவை மேலே போனவள் ரொம்ப நேரம் நின்றாள். என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரியாது. ஒத்திகையில் கடைசிவரை அவள் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை.

"தெரியுது! உள்ளங்கை அளவு மேகம் தெரியுது!"

அந்தக் குரல் துறைமுகம் வரைக்கும் போயிருக்கும். அதோடு விட்டாளா? கடலைப் பார்த்துத் திரும்பி, வடக்கே கையை நீட்டினாள்.

"ஏ மேகமே! இங்கன நிக்காத, நேரா வெளாத்திகுளத்துக்குப் போ!"

எலியாவுக்குச் சிரிப்பில் துண்டு நழுவியது. ஐயர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். வேதத்தில் விளாத்திகுளம் எங்கே வருகிறது என்று சபைக்குப் புரியவில்லை, ஆனாலும் எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நான் சேலை முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு, சிரிக்கிறேனா அழுகிறேனா என்று தெரியாமல் நின்றேன்.

எல்லோரும் பந்திக்குப் போனதும் நான் மணிக்கூண்டில் ஏறிப் பார்த்தேன். வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. ஒரு பொட்டு மேகம்கூட இல்லை. அவள் எதையும் பார்க்காமலேயே சொல்லியிருக்கிறாள். விசுவாசம் என்றால் என்ன, நம்பிக்கை என்றால் என்ன என்று நான் புதன்கிழமைதோறும் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்ததை நினைத்து வெட்கமாக இருந்தது.

மழை புதன்கிழமை வந்தது. சொன்ன பேச்சைக் கேட்காமல் முதலில் தூத்துக்குடியிலேயே கொட்டியது. நான் நனைந்துகொண்டே அளத்துக்கு ஓடினேன். ஓலை போட்ட அம்பாரங்கள் அப்படியே நின்றன. அக்கா தன் வரப்பில் நின்று, கரைந்துபோன இரண்டு பாத்தியையும் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"அங்கன பெஞ்சிச்சா, ஏளா?"

எனக்குத் தெரியவில்லை. நாலு நாள் தெரியவில்லை. நாலு நாளும் வேலையில்லாத அந்த மனுஷி என் வாசலில் வந்து நின்று தபால் வந்ததா என்று கேட்டுவிட்டுப் போனாள். ஐந்தாம் நாள் வந்தது. இடம் விடாமல், ஓரமெல்லாம் எழுதியிருந்தார் அப்பா. அதே புதன்கிழமை அங்கேயும் நல்ல மழை. கம்பு முளைத்துவிட்டது. அடுத்த வகுப்பில் அதை வாசித்தபோது, 'ஒண்ணுமில்ல'வுக்குத் தட்டின அதே கைகள் தட்டின.

"ஒங்கப்பாவுக்கு எழுதுளா" என்றாள் அக்கா. "அடுத்த வருசம் எந்தத் தேதியில வெதைக்கப் போறாருன்னு முன்னக்கூட்டியே ஒரு கடுதாசி போடச் சொல்லு. அதுக்குள்ள நாங்க வாரி மூடிருதோம்."

அப்படியே எழுதினேன். மறு வருஷம் ஆவணி முடியுமுன்பே பதில் வந்தது. விதைக்கப் போகிற தேதியை எழுதி, அதன் கீழே கோடு போட்டு, வாத்தியார் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்: "அங்கே உப்பு மூடியாயிற்று என்று எனக்கு ஒரு கார்டு போடு. அதற்கப்புறம்தான் இங்கே மழைக்கு ஜெபம் பண்ணுவோம்."