சக்கரம் தொலைந்த விமானம்

என் அக்கா வீட்டுக்காரரைக் குடும்பத்தில் எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் விமானம் ஓட்டியவர் இல்லை. ஒரு விமான கம்பெனியின் கவுன்ட்டரில் உட்கார்ந்து, பயணிகளின் பெட்டிகளை எடைபோட்டு, "கொஞ்சம் கூட இருக்கு, எதையாவது எடுத்துடுங்க" என்று சொல்லியே தலை நரைத்தவர். கம்பெனி திவாலாகி மூடிவிட்டது. பட்டப்பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

வேலை போன பிறகு அவருக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. உலோகத்தில் வார்த்த குட்டி விமானங்களைச் சேர்க்க ஆரம்பித்தார். பொம்மை என்று அவர் காதுபடச் சொன்னால் முகம் கொடுத்துப் பேசமாட்டார். அதிலும் இழுத்து மூடிய கம்பெனிகளின் விமானங்கள் மட்டும்தான். அக்கா பாத்திரம் வைக்க ஆசையாக வாங்கிய கண்ணாடி பீரோ முழுக்கச் செத்த கம்பெனிகள். பாத்திரங்கள் கட்டிலுக்கு அடியில் குடியிருந்தன.

இந்த மாடல்களை ஸ்டாண்டில் மாட்டிப் பறக்கிற மாதிரி வைக்கலாம்; வயிற்றில் குட்டிச் சக்கரங்களைச் செருகித் தரையில் நிற்கிற மாதிரியும் வைக்கலாம். பீரோவுக்குள் எல்லாமே சக்கரத்தில்தான் நிற்க வேண்டும் என்பது கேப்டன் போட்ட சட்டம்.

"இனிமே பறக்கப் போறதில்ல மச்சான். அப்புறம் எதுக்கு அந்தரத்துல தொங்கணும்?" என்பார்.

யாராவது வீட்டுக்கு வந்துவிட்டால் போதும், ஒவ்வொன்றாகக் காட்டிக் காரணம் சொல்வார். இவன் அகலக்கால் வைத்தான், இவனைக் கூட்டாளியே கவிழ்த்தான், இவன் சொன்னபேச்சுக் கேட்கவில்லை. எழவைப் பற்றி இவ்வளவு உற்சாகமாகப் பேசும் மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆனால் அவருடைய சொந்தக் கம்பெனியின் விமானம் மட்டும் பீரோவில் கிடையாது. அது ஃபிரிட்ஜுக்கு மேலே, ஸ்டாண்டில் மூக்கை நிமிர்த்திப் பறந்துகொண்டிருந்தது. ஏன் என்று கேட்டால், "சக்கர பாக்கெட் எங்கயோ தொலைஞ்சு போச்சு" என்பார். யாரோ பெரிய ஆள் கம்பெனியை வாங்கப் போகிறார் என்று அவ்வப்போது ஒரு சேதியும் கொண்டுவருவார். வேறு வேலைக்குப் போகச் சொன்னால், "திடீர்னு கூப்பிடுவாங்க, அப்ப நான் இல்லன்னா?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்கா தையல் மெஷினை மிதித்து மிதித்துக் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

இந்த லட்சணத்தைப் பார்த்தே வளர்ந்த அவர் மகள் வேலைக்குச் சேர்ந்ததும் ஒரு விமான கம்பெனியில்தான். அதுவும் கவுன்ட்டரில். சேர்ந்த கையோடு தன் கம்பெனியின் மாடலை அப்பாவுக்கு வாங்கிவந்தாள். கேப்டன் அதை பீரோ பக்கமே அண்டவிடவில்லை. ஃபிரிட்ஜுக்கு மேலே, தன்னுடையதோடு ஜோடியாகப் பறக்கவிட்டார்.

போன மழைக்காலத்தில் அந்தக் கம்பெனியும் மூடிக்கொண்டது. ஆறுதல் சொல்லலாமென்று நான் போனபோது, கேப்டன் ஏற்கெனவே மகளைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் கொஞ்ச நாளைக்குத்தாம்மா. யாராவது வாங்கிடுவாங்க. நீ அவசரப்பட்டு வேற எங்கயும் சேர்ந்துடாத."

அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, தன் விமானத்தை இறக்கினாள். ஸ்டாண்டைக் கழற்றினாள். கைப்பையிலிருந்து சக்கரங்களை எடுத்துச் செருகினாள். பீரோவைத் திறந்து மேல்தட்டில் நிறுத்தினாள்.

"திங்கக்கிழமை ஒரு ஆஸ்பத்திரி ரிசப்ஷன்ல சேர்றேன்ப்பா."

அவள் மறுபடியும் நாற்காலியில் ஏறி அவருடையதையும் இறக்கினாள். "பக்கத்துல இடம் இருக்கு. சக்கரம் எங்கப்பா?"

"அதான் தொலைஞ்சு போச்சுன்னு..."

உள்ளே தையல் மெஷின் நின்றது. "தேடிக் குடுங்க" என்றாள் அக்கா. அவ்வளவுதான் சொன்னாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. அவர் எங்கேயும் தேடப் போகவில்லை. சட்டைப்பையிலிருந்து பர்ஸை எடுத்தார். பழைய கம்பெனி அடையாள அட்டைக்குப் பின்னால் விரலை விட்டு, பிரிக்காத சின்ன பாக்கெட் ஒன்றை உருவி மகளிடம் நீட்டினார்.

"முன்சக்கரம் ரொம்பச் சின்னது. பாத்து மாட்டும்மா" என்றார்.