கோல் திரும்பி வராத நாட்கள்

பங்குனி வெயிலில் எங்கள் மலை ஏரி உள்வாங்கும்போது சேற்றிலிருந்து எழும் வாடை, பாசியும் மீனும் கலந்து, பகல் தூக்கம்போல ஊர் முழுக்கப் படர்ந்துவிடும். புதூர்நாட்டுப் பக்கம் முப்பது வீடுகள் கொண்ட ஊர் எங்களுடையது. மாரியம்மன் பொங்கலுக்கு முந்தின நாள் ஊரே ஏரியில் இறங்கி மீன் பிடித்து, வீட்டுக்கு ஒரு கூறாகப் பிரித்துக்கொள்ளும். அதுவரை எவரும் கூடை போடக் கூடாது. காவலுக்கு ‘மொறைக்கோலு’ என்று ஒரு மூங்கில் கோல் இருந்தது. எவர் வீட்டுக் கதவில் அது சாத்தியிருக்கிறதோ அவர்கள் ஒரு நாள் காவல் இருந்துவிட்டு, மறுநாள் சாயங்காலம் அடுத்த வீட்டில் கொண்டுபோய்ச் சாத்துவார்கள்.

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் திருப்பத்தூரிலிருந்து ஒரு குத்தகைக்காரர் ஜீப்பில் வந்தார். ஏரியில் மீன் வளர்க்க அனுமதி என்று ஒரு காகிதத்தைக் காட்டிவிட்டு, தகர டின்னிலிருந்து மீன்குஞ்சுகளைத் தண்ணீரில் விட்டார். அவை மினுமினுத்துக் கலைந்து மறைந்ததை எல்லாரும் பார்த்துக்கொண்டே நின்றோம். பிறகு கரையில் ஊர் கூடியது. ஏரி இனி யாருக்கு என்பதுதான் பேச்சு. கூட்டத்தில் வாயே திறக்காத என் அப்பா அன்று எழுந்தார்.

“குஞ்சு உட்டவருக்கும் ஒரு பங்கு குட்த்துடலாம். பங்கு இருந்தா மொறையும் இருக்குதுல்ல?”

ஆண்களும் பெண்களும் ஒப்புக்கொண்டார்கள். குத்தகைக்காரர் சிரித்துக்கொண்டே, “சரிப்பா, எம் மொறைய நான் பாத்துக்கறேன்” என்றார்.

எங்கள் வீட்டுக்கு முந்தின முறை அவருக்கு. அந்த நாள் வந்ததும், யோசனை சொன்னவர் என்பதால் அப்பாவே கோலை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, காலையிலேயே மலையிறங்கினார். கீழே போகப் போகக் காற்று சூடேறியதும், பள்ளத்தாக்கில் மூடுபனி பால்போல் கிடந்ததும் இன்னும் கண்ணில் நிற்கின்றன. விசாரித்துக் கண்டுபிடித்த வீட்டின் கதவில் அப்பா கோலைச் சாத்தினார்.

“யாருய்யா நீ? இன்னாத்துக்கு தடிய வெக்கிற?” என்றபடி அந்த வீட்டு அம்மாள் வெளியே வந்தார்.

“மொறைங்க. நாளைக்கு சாயங்காலம் எங்க வூட்ல சாத்திடச் சொல்லுங்க.”

மறுநாள் கோல் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் குத்தகைக்காரரின் ஆட்கள் பெரிய வலைகளோடு வந்து, நாங்கள் வருஷமெல்லாம் காத்த மீன்களை அரிக்கத் தொடங்கினார்கள். அம்மா ஓடிவந்தாள்.

“ஏரிய வாரிக்கினு போறானுங்க, நீ குந்திக்கினு கீற! போய் இன்னான்னு கேளேன்!”

“கோலு வர்லயே. கோலு இல்லாம கரைக்குப் போனா நானும் திருடன்தான்.”

ஊரில் ஒருவரும் நகரவில்லை. கோல் குத்தகைக்காரர் வீட்டில் இருந்தது. எங்கள் நியாயப்படி அன்று ஏரிக்குக் காவல்காரர் அவரே.

அந்த வருஷம் கூடைகளில் நண்டும் சேறும்தான் வந்தன. அப்பாவை ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்கு ஆறியிருக்கும். அதன்பின் அவர் ஊர்க்கூட்டத்துக்குப் போனதே இல்லை. புதுக் கோல் வெட்டலாம் என்று இரண்டொரு முறை பேச்சு வந்தது, வெட்டவில்லை.

இப்போது ஏரியைச் சுற்றிக் கம்பிவேலி இருக்கிறது. பெரிய பெரிய மீன்கள் வளர்கின்றன. சம்பளத்துக்கு ஒரு காவலாளி இருக்கிறார். விசிலோடு கரையைச் சுற்றி வருகிறார், நல்ல மனிதர். அவர் ஏரியைக் காப்பது எங்களிடமிருந்துதான்.