இருக்கட்டும் என்று சொன்னது

அந்தப் பிக்கப் வண்டியை வாங்கியபோது எனக்கு நட்டுக்கும் போல்ட்டுக்கும் வித்தியாசம் தெரியும், அவ்வளவுதான். தென்காசியில் ஒரு செங்கல் சூளைக்காரர் இரண்டு சீசன் சாரலிலும் வெளியிலேயே போட்டு வைத்திருந்த வண்டி அது. பின்னால் சரக்கு ஏற்றும் இடத்தில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. என் பக்கத்துக் கதவு உள்ளிருந்து திறக்காது. கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டுத்தான் திறக்க வேண்டும். மெக்கானிக் ஒருவர் சுற்றிவந்து பார்த்துவிட்டுச் சொன்ன கூலியைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. சரி, நாமே பார்ப்போம் என்று ஸ்பேனர்களை இரவல் வாங்கி வந்தேன். துணிச்சல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வேறு வழியில்லை.

வண்டி எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மனைவியின் அண்ணன்மார் பண்பொழிப் பக்கம் கத்தரியும் வெண்டையும் போடுகிறவர்கள். அந்தக் காயைத் தினமும் பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய் நாங்கள் விற்றுக் கொடுப்பதாகப் பேச்சு. ஓட்டுவது நான். தரம் பிரிப்பது, கமிஷன் கடையில் நின்று விலை பேசுவது எல்லாம் அவள். எனக்குப் பேச வராது. கடைக்காரர் ஒரு முறை முறைத்தாலே கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். ஆக, அவள் வண்டியில் ஏறினால்தான் தொழில். இல்லையென்றால் என்னிடம் இருப்பது கொஞ்சம் பழைய இரும்பு.

ஓட்டையைத் தகரம் வைத்து அடைத்தேன். துருப்பிடித்த போல்ட்டுகளோடு மல்லுக்கட்டி விரல் முட்டியெல்லாம் தோலுரிந்தது. எஞ்சின்கூட மூன்றாம் நாள் இருமிக்கொண்டே உயிர் பிடித்தது. மிச்சம் இருந்தது பிரேக். பின்சக்கரங்களில் பிரேக் எண்ணெய் ஒழுகியது. ஸ்பேர்பார்ட்ஸ் கடை அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன்.

"சக்கரத்துக்குள்ள எண்ணெய அடைக்கிற ரப்பர மட்டும் மாத்துங்க, போதும். ஆனா காத்த முழுசா எடுத்துருங்க. லைன்ல காத்து நின்னுட்டுன்னா பிரேக் பிடிக்காது, பாத்துக்கிடுங்க" என்றார்.

ரப்பரை நானே மாற்றிவிட்டேன். ஆனால் காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை நாலைந்து முறை மிதித்து, அப்படியே அழுத்திப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் கீழே படுத்து, சக்கரத்துக்குப் பின்னாலுள்ள சின்னத் திருகைத் திறந்தால் எண்ணெயோடு காற்றும் குமிழியாக வெளியே வரும். திருகை மூடிய பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்கலாம். முந்தி எடுத்தால் வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சிவிடும். இதையெல்லாம் போனில் வீடியோ பார்த்து நான் தெரிந்துகொண்டேன். அவளிடம் "மிதி, சொல்லும்போது பிடி" என்று மட்டும் சொன்னேன்.

சாயங்காலம் முழுக்க அவள் மேலே, நான் கீழே. "மிதி", "பிடி", திருகைத் திறந்ததும் "இருக்கட்டும்". குமிழி வந்தது. திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது.

"இன்னும் எத்தன தடவ?" என்று கேட்டாள்.

"நிக்கிற வரைக்கும்" என்று எரிந்து விழுந்தேன். கடைசியில் குமிழி குறைந்தது போலத் தோன்றியதும், ஏறி உட்கார்ந்து மளமளவென்று மிதித்துப் பார்த்தபோது பிரேக் கெட்டியாக இருந்தது. எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் காலை இருவரும் ஐந்தருவி ரோட்டில் போனோம். சீசன் தொடங்கவில்லை, ரோடு காலியாகக் கிடந்தது. திரும்பி இறக்கத்தில் வரும்போது பிரேக்கை மிதித்தேன். கால் தரை வரைக்கும் போனது. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, ஓரத்து மண்மேட்டில் உரசி ஒருவழியாக நிறுத்தினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முன்னாலிருந்த டேஷ்போர்டை இறுக்கிப் பிடித்திருந்த கையை எடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரமானது. பிறகு இறங்கினாள்.

"நான் பஸ்ல வாரேன்" என்றாள். வந்த மினி பஸ்ஸில் ஏறிப் போயும் விட்டாள். நான் முதல் கியரிலேயே ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தேன்.

வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் திட்டவில்லை. "திங்கக்கிழமைக்குள்ள சொல்லலன்னா அண்ணன் வேற வண்டி பாத்துக்கிடுதேன்னு சொல்லுதான்" என்று மட்டும் சொன்னாள். நீ ஏறுவியா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இரண்டு நாள் சக்கரங்களைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தேன். ரப்பரில் ஒரு குறையும் தெரியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது ரசம் ஊற்ற வந்தாள். ஏதோ நினைப்பில் "இருக்கட்டும்" என்றேன். சட்டென்று கரண்டியை எடுத்துவிட்டாள். நான் அந்தக் கரண்டியையே பார்த்தேன்.

"அன்னைக்கு நான் கீழ கிடந்துக்கிட்டு இருக்கட்டும்னு சொன்னேன்லா, அப்ப நீ என்ன செஞ்ச?"

"கால எடுத்தேன்."

"எதுக்கு எடுத்த?"

"நீங்கதான போதும்னீங்க."

"நான் எங்கட்டி போதும்னேன்? இருக்கட்டும்னா அப்படியே இருக்கட்டும்னு அர்த்தம்."

"நெதமும் சோத்துக்கு முன்னால உக்காந்து இருக்கட்டும்ங்கீங்க. நிறுத்தாம ஊத்திக்கிட்டா இருக்கேன்?"

கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்குப் 'போதும்' என்பது ஒன்றுதான் அர்த்தம். நான் திருகைத் திறந்து வைத்துக்கொண்டு காலை எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அவளும் சொன்னபடி எடுத்திருக்கிறாள். போன காற்றெல்லாம் திரும்ப உள்ளே வந்திருக்கிறது. எதற்காகப் பிடிக்க வேண்டும் என்று முதலிலேயே விளக்கியிருந்தால் இந்த வினை வந்திருக்காது. பொம்பளைக்கு எதற்கு இதெல்லாம் என்று நினைத்திருக்கிறேன் போல. வெட்கமாக இருந்தது.

"தப்பு என் மேலதான்" என்றேன்.

"சரி, மொதல்ல சாப்பிட்டு எந்திரிங்க" என்றாள்.

இந்தமுறை எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன். இனி "அழுத்து", "எடு", இரண்டே சொல்தான். வேறு ஒரு பேச்சும் கூடாது என்று அவள் கண்டிஷன் போட்டாள். நாலு சக்கரத்திலும் குமிழி நின்றது. அன்றைக்குப்போல மளமளவென்று மிதிக்க வேண்டியிருக்கவில்லை, முதல் மிதியிலேயே பிரேக் கெட்டியாக நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் மட்டும் போய் அதே இறக்கத்தில் மூன்று தடவை நிறுத்திப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து "பிடிக்குது" என்றேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினாள். "போலாம்" என்றாள்.

வழியில் அண்ணன் தோட்டத்துக் கத்தரியைப் பற்றித்தான் பேசினாள். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தேன். வண்டி முன்பக்கம் அமுங்கி அப்படியே நின்றது. பாத்தியா என்று சொல்லத் திரும்பினேன். அவள் முகம் எப்போதும்போலத்தான் இருந்தது. ஆனால் பிரேக்கே இல்லாத அந்தப் பக்கத்தில், வலது காலால் தரைத்தகரத்தைப் பலங்கொண்ட மட்டும் அழுத்திக்கொண்டிருந்தாள். இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டுதான் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். எடு என்று நான் சொல்லவில்லை. அவளாகக் காலை எடுக்கிற வரைக்கும் வண்டியை நகர்த்தாமல் இருந்தேன்.