தண்ணீர்த் தொட்டிக்கு ஓர் இடம்

அரசாங்கம் வாயைத் திறந்தால்தான் கான்ட்ராக்டர் வீட்டில் அடுப்பு எரியும். பெங்களூரில் ஒரு மந்திரி 'வீட்டுக்கு வீடு குழாய்' என்று மைக்கில் சொல்லிவிட்டால் போதும், தங்கவயலில் நான் கம்பி விலை விசாரிக்கக் கிளம்பிவிடுவேன். மறுநாளே நகரசபையில் 'பிறகு பார்க்கலாம்' என்று தீர்மானம் போட்டால், பாதி வழியில் திரும்பி வருவேன். அரசு வேலை எடுத்து அலைந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எடுக்காதவர்களும் ஒரு சான்றிதழுக்காகவாவது ஏதோ ஓர் அலுவலகத்தின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பீர்கள். அந்த பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தம். ஒரே ஒரு தொட்டி கட்டப் போய் நான் பட்டதை அவர்களிடம்தான் சொல்கிறேன்.

இனிப்புப் பெட்டி

இருபது வருஷம் மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயில் ஏறி, பெங்களூரில் அடுத்தவர் கட்டும் கட்டடங்களுக்கு மேஸ்திரியாக இருந்தேன். என் அப்பா சுரங்கத்தில் டிம்பர்மேன். பாறை சரியாமல் இருக்க மரம் கொடுத்து நிறுத்துகிற வேலை. சுரங்கத்தை மூடிய பிறகு எங்கள் ஊருக்கே ரயில்தான் ஷிப்ட். அப்போதுதான் சின்ன அரசு வேலைகளில் ஒரு பங்கைப் பட்டியல் சாதி கான்ட்ராக்டர்களுக்கு ஒதுக்குவதென்று மாநில அரசு முடிவெடுத்தது. என் மனைவி செல்வி அந்தச் செய்தியைப் பேப்பரிலிருந்து கிழித்து என் சாப்பாட்டு டப்பா மேல் வைத்தாள். அலைந்து திரிந்து லைசென்ஸ் வாங்கினேன்.

லைசென்ஸ் வந்த வாரமே பங்காருபேட்டையிலிருந்து ஒரு பெரிய கான்ட்ராக்டர் இனிப்புப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். இந்தப் பக்கத்தில் பாதி ரோடு அவர் போட்டதுதான். "ராஜா, பேரு உன்னுது, வேலை என்னுது. நீ கையெழுத்து மட்டும் போடு, வூட்ல குந்திக்கினு டீ குடி" என்றார். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. இருபது வருஷ ரயில் தூக்கம் கண்ணில் அப்படியே இருந்தது. செல்வி டம்ளரைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"டீ எங்க வூட்லயே போடுவோம்ணா. நீங்க இத்த குடிச்சிட்டுக் கிளம்புங்க."

ஒரே ஒரு ஆள்

தங்கவயலின் கோரமண்டல் பகுதியில் ஒரு லைனுக்கு உயரத் தொட்டி கட்ட நகரசபை டெண்டர் விட்டது. லைன் என்றால் சுரங்கக் காலத்து வீட்டு வரிசை. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். அங்கே நாலு நாளைக்கு ஒரு தரம் டேங்கர் லாரிதான் தண்ணீர். டேங்கர் வரும் நாளில் பெண்கள் வேலைக்குப் போக மாட்டார்கள். முதல் தடவை அந்த டெண்டருக்கு ஒருவரும் விலை போடவில்லை. இரண்டாம் தடவை அழைத்தபோது நான் போட்டேன்.

எனக்குக் கிடைத்தது. ராபர்ட்சன்பேட்டையில் எனக்கு டெண்டர் ஏற்றிக் கொடுக்கும் கம்ப்யூட்டர் சென்டர் ஷபானாவுக்கு மைசூர்பாகு வாங்கிப் போனேன். அவர் ஒரு துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க ஒருத்தர்தான் போட்டிருக்கீங்கண்ணா. மத்தவங்களுக்கு இன்னாவோ தெரிஞ்சிருக்கு."

சுண்ணாம்புக் கட்டம்

இடத்தைக் காட்ட ஜூனியர் இன்ஜினீயர் பசவராஜ் வந்தார். தார்வாட் பக்கத்துக்காரர், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, நேர்மையானவர். லைனின் கடைசியில் காலியாகக் கிடந்த மேட்டில் சுண்ணாம்புப் பொடியால் கட்டம் போட்டார். நாலு மூலைக்கும் நாலு தூண். எதிர்வீட்டு வாசலில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த அம்மா மெஷினை நிறுத்திவிட்டு வந்தார். பெயர் கஸ்தூரி, ஐம்பதை நெருங்கியவர். "இங்கியா கட்றீங்க? இந்த மேட்ல நாங்க பந்தக்கால்கூட நட மாட்டோம். கல்யாணமோ சாவோ, பந்தல் அந்தப் பக்கம்தான். இங்க துணி தொவச்ச தண்ணிய ஊத்துனா சேறே ஆவாது, எங்கியோ பூடும்" என்றார்.

அப்பா எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் சுவரைத் தட்டிப் பார்ப்பார். சம்பந்தி வீட்டில்கூடத் தட்டியிருக்கிறார். சுரங்கத்தில் இறங்கியதும் தலைக்கு மேலிருக்கும் பாறையைக் கம்பியால் தட்டிக் காது கொடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடுவார்கள். கெட்டிப் பாறை கணீரென்று சொல்லும், கெட்டுப்போனது தொம்மென்று சொல்லும். நான் கடப்பாறையைத் தலைகீழாகப் பிடித்துச் சுண்ணாம்புக் கட்டத்துக்கு வெளியே ஒரு போடு போட்டேன், கணீரென்றது. உள்ளே போட்டேன். தொம். நாலு மூலையிலும் தொம். பசவராஜும் கேட்டார், அவர் முகம் மாறியது. ஆனாலும் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துவிட்டுத் தனக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னார்.

"சத்தம்னு எழுதறதுக்கு எஸ்டிமேட்ல ஜாகா இல்ல சார். கண்ல பாத்தா எழுதலாம்."

மேலே நம்முது

வேறு இடம் கேட்டு அலுவலகத்துக்கு நடந்தேன். லைனைச் சுற்றி இருக்கும் நிலமெல்லாம் பழைய சுரங்கக் கம்பெனியின் பேரில் இருக்கிறது. நகரசபைக்கு விட்டுக்கொடுத்தது அந்த ஒரு மேடுதான். அதனால்தான் தொட்டியும் அங்கே. மண் பரிசோதனைக்கு மெஷின் வரவழைக்கலாமா என்றேன். எஸ்டிமேட்டில் இல்லை என்றார்கள். பழைய சுரங்க வரைபடம் கிடைக்குமா என்றேன். அது எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பதற்கே மூன்று அலுவலகம் காட்டினார்கள். கடைசியில் ஒரு சூப்பரின்டெண்ட், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, கோபமே இல்லாமல் பதில் சொன்னார்.

"கீழ என்ன இருக்குன்னு எங்களைக் கேக்காதீங்க. மேல இருக்கறது மட்டும்தான் நம்முது."

காலிக் குடங்கள்

ஒரு மாதம் ஓடியது. 'ஏன் வேலை தொடங்கவில்லை' என்று நோட்டீஸ் வந்தது. இன்னும் பத்து நாளில் தொடங்காவிட்டால் என்னைக் கறுப்புப் பட்டியலில் சேர்ப்பார்கள். முதல் வேலையிலேயே அது நடந்தால் லைசென்ஸைச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டு மறுபடி ரயில் ஏற வேண்டியதுதான். இன்னொரு பக்கம், அந்தத் தூண்கள் சாய்ந்தால் சாய்வது எதிர்வரிசை வீடுகள் மேல். கஸ்தூரி வீடுதான் முதல் வீடு. யோசித்து யோசித்து எனக்குள் ஒரு கெட்ட புத்தியும் எட்டிப் பார்த்தது. இன்ஜினீயர் காட்டிய இடம், அரசாங்கம் கொடுத்த வரைபடம், நான் கட்டிவிட்டுப் போனால் என்னை யார் கேட்பார்கள்? உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வந்திருக்கும். அந்த நாளில் நாம் அவ்வளவு நல்லவர்களாக இருப்பதில்லை.

அந்த யோசனையோடு லைனுக்குப் போனேன். டேங்கர் வர வேண்டிய நாள், வரவில்லை. குடங்கள் வரிசையாகக் காலியாக நின்றன. என்னைக் கண்டதும் கஸ்தூரிக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. என்னைத் திட்டுகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர் தன்னையே திட்டிக்கொள்வது புரிந்தது.

"அன்னிக்கு நான் வாயை மூடிக்கினு கெடந்திருக்கலாம். இந்நேரம் தொட்டி பாதி எழும்பியிருக்கும். உண்மையச் சொல்லிட்டு நான் இன்னாத்தக் கண்டேன், இந்தக் காலிக் கொடத்தத் தவிர?"

ஒரு லாரித் தண்ணீர்

அவர் திட்டியது என் கெட்ட புத்தியைத் துரத்தியது. அவர் முதல் நாள் சொன்ன சோதனையையே செய்து பார்ப்பது என்று முடிவெடுத்தேன். வேலையைத் தொடங்கியதாகக் கடிதம் கொடுத்துவிட்டு, ஒரு தூணுக்கு மட்டும் மார்பளவு குழி வெட்டச் சொன்னேன். குழியில் ஒரு லாரித் தண்ணீர் விடுவது, பசவராஜ் கண்ணால் பார்ப்பது, எழுதுவது. தனியார் டேங்கருக்குச் சொல்லிவைத்தேன். கோடைக்காலம், சொன்ன நாளில் அது வரவில்லை. மறுநாள் பசவராஜ் அறிக்கை கொடுத்தாக வேண்டும். குழி ஓரத்தில் இரண்டு பேரும் அசடு வழிய நின்றோம். அந்த நேரம் பார்த்து லைனுக்கான டேங்கர் மேடேறி வந்தது. எட்டு நாளைக்குப் பிறகு வருகிற தண்ணீர். அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கஸ்தூரி மற்ற பெண்களோடு என்னவோ பேசினார், ஒரு சின்னச் சண்டையும் நடந்தது. பிறகு அவரே வந்து குழாயைக் குழிக்குள் திருப்பச் சொன்னார்.

தண்ணீர் கொட்டியது. குழி முழங்கால் அளவுகூட நிறையவில்லை. மூலையில் மண் மெல்ல உள்வாங்கியது, ஓர் ஆள் நுழையும் அளவுக்குக் கறுப்பாக ஒரு வாய் திறந்தது, லாரித் தண்ணீர் முழுக்க அதற்குள் போனது. எந்தக் காலத்திலோ மேலே மண் போட்டு மூடிய பழைய ஷாஃப்ட், சுரங்கத்துக்கு இறங்கும் செங்குத்துக் குழி. லாரி மோட்டாரை நிறுத்தியதும் அந்தச் சத்தம் கேட்டது. எங்கேயோ வெகு ஆழத்தில், பாறையில் தண்ணீர் விழும் சத்தம். பசவராஜ் படம் எடுத்த போனை இறக்கிவிட்டார்.

கஸ்தூரி பள்ளிக்கூடம் போகும் வயதில் அவர் அப்பா பகல் ஷிப்டுக்கு இறங்கியிருக்கிறார். கீழே பாறை வெடித்தது. உடலை மேலே கொண்டுவர முடியவில்லை, பூமிக்கடியில் அந்தத் தளத்தையே, அந்த லெவலையே மூடிவிட்டார்கள். இதைப் பக்கத்தில் நின்ற பெண் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். கஸ்தூரி காலிக் குடத்தை இடுப்பில் வைத்தபடி அந்தச் சத்தம் ஓயும்வரை நின்றார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"எங்கப்பாவுக்குக் கடைசியா ஒரு வாய் தண்ணி ஊத்தலன்னு எங்கம்மா சாவற வரைக்கும் அழுதுச்சி. இன்னிக்கு ஊத்திட்டேன்."

கல்வெட்டு

பசவராஜ் கண்ணால் பார்த்ததை எழுதினார். என் ஒப்பந்தம் ரத்தானது, லைசென்ஸ் பிழைத்தது. ஷாஃப்ட் வாயைக் கான்கிரீட்டால் மூடி வேலி போட்டார்கள். சில மாதம் கழித்து மேலே இன்னொரு முடிவு எடுத்தார்கள்: லைனின் மறுபக்கத்து நிலத்தைக் கம்பெனி விட்டுக்கொடுத்தது, தொட்டியோடு குழாய்ப் பாதையும் சேர்ந்து பெரிய திட்டமாக வந்தது. எவ்வளவு பெரியதென்றால், எங்களுக்கு ஒதுக்கிய சின்ன வேலைகளின் வரம்பைத் தாண்டிவிட்டது. டெண்டர் யாருக்குப் போயிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பங்காருபேட்டைக்காரர் அதே கடை இனிப்புப் பெட்டியோடு வந்தார். "அந்த லைன்காரங்க உன்னைத்தான் கேக்கறாங்க ராஜா. இந்த வாட்டி பேரு என்னுது, வேலை உன்னுது" என்றார். செல்வி என் முகத்தைப் பார்த்தாள். நான் ஒப்புக்கொண்டேன். வெட்கமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

புது இடத்தில் ஒவ்வொரு அடியாகத் தட்டிப் பார்த்துத்தான் குழி எடுத்தேன். கணீர், கணீர், கணீர். அப்பாவுக்குக் கேட்டிருந்தால் உட்கார்ந்திருப்பார். திறப்பு விழா முடிந்து கார்களெல்லாம் போன பிறகு, கஸ்தூரி கல்வெட்டை மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தார். மந்திரி, எம்.எல்.ஏ., தலைவர், அதிகாரிகள், கடைசி வரியில் பங்காருபேட்டைக்காரர். பின்னால் குழாயில் குடங்கள் நிறையும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"உன் பேரு இல்லன்னா பூடுது வுடுண்ணா. வர்ற மாசம் எம் பொண்ணுக்குக் கல்யாணம். பந்தக்கால் உன் தொட்டிக்குக் கீழதான் நடப் போறேன்."

அரசாங்கம் எங்கே கட்டச் சொல்கிறது என்பதை டெண்டரில் படித்துக்கொள்கிறேன், எங்கே கட்டலாம் என்பதை மட்டும் இப்போதெல்லாம் அந்தத் தெருவில் கடைசியாகக் கல்யாணம் நடத்திய வீட்டில் கேட்டுக்கொள்கிறேன்.