கழுவாத பம்பர்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ரேடியேட்டர் பட்டறை வைத்திருந்தார் அவர். குட்டையான ஆள். இடது புருவத்தில் வெல்டிங் பொறி பட்ட தழும்பு. யார் வந்தாலும் ஆளை நிமிர்ந்து பார்க்கமாட்டார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து வண்டியின் மூஞ்சியைத்தான் பார்ப்பார்.

ரேஸ் டிராக்கில் நாலாவது சுற்றிலேயே என் காரின் இன்ஜின் ஆயில் கொதித்துவிட்டது. இன்னொரு முறை அப்படி ஓட்டினால் இன்ஜினே போய்விடும். நாலு வீடியோ பார்த்த தைரியத்தில், ஆயிலைக் குளிர வைக்கும் கூலரை முன்பக்கம் நட்டநடுவில் மாட்டச் சொன்னேன். வண்டியையும் பளபளவென்று கழுவிக் கொண்டுபோயிருந்தேன்.

“இன்னா சார், கழுவிக்கினு வந்துட்டீங்க?” என்று தலையில் அடித்துக்கொண்டார். “சாயங்காலமா ஏரி ஓரம் ஹைவேல ஒரு ரவுண்டு ஓட்டிக்கினு வாங்க.”

திரும்பி வந்தபோது பம்பரெல்லாம் பூச்சி. நம்பர் பிளேட் மறைத்த நடுவில் கொஞ்சம்தான். இடது பக்கக் கீழ் கிரில்லில் அப்பிக் கிடந்தது.

“பூச்சி எங்க சாவுதோ அங்கதான் சார் காத்து உள்ள போவுது” என்று அந்த இடத்திலேயே சாக்பீஸால் கோடு போட்டு, கூலரை அங்கே மாட்டினார். சூடு வெளியேற, சக்கரத்துப் பக்கம் ஒரு வழியும் வெட்டினார்.

அடுத்த ரேஸில் கடைசிச் சுற்று வரை ஆயில் சூடு ஏறவே இல்லை. நன்றி சொல்லப் போனேன். வழக்கம்போல் வண்டியின் முன்னால் குந்தினார். பிறகு, முதல்முறையாக, நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

“மறுபடியும் கழுவிட்டீங்களா?”